ஷேய் எஞ்சினா, ஹைஸ்லர் எஞ்சினா?

வீட்டுப் பட்டறையில் பற்சக்கரங்களால் சக்கரங்களைச் சுழற்றும் நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைச் சிறு மாதிரியாகச் செய்ய விரும்புவோரைத் தயங்க வைக்கும் இவ்விரண்டும் அமெரிக்கக் காடுகளில் மரம் இழுத்தவை; ஷேயின் காப்புரிமை 1881, ஹைஸ்லரினது 1892.

செலவும் உழைப்பும்: இரண்டு போகிகள் (இரண்டிரண்டு அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சக்கரச் சட்டங்கள்) கொண்ட ஷேயில் நான்கு அச்சுகளுக்கும் தலா ஒரு ஜோடி கூம்புப் பற்சக்கரம் வெட்ட வேண்டும். ஹைஸ்லரில் போகிக்கு ஒரு ஜோடி போதும்; மற்ற அச்சை இணைப்புத் தண்டு சுழற்றிவிடும்.

அமைப்பு: ஷேயின் சிலிண்டர்கள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்பதால், எடையைச் சமன்செய்யக் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். ஹைஸ்லரின் சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் இருபுறமும் சாய்ந்திருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

பராமரிப்பு: இங்கே ஷேய்க்கு நிகரில்லை. வளைவில் திரும்பும்போது, சுழற்சியைப் பற்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் சதுரத் தண்டு தன் உறைக்குள் நீள்வதும் சுருங்குவதும், பல்லோடு பல் கவ்வுவதும் கண்ணெதிரே நடக்கின்றன. எண்ணெய்க் குவளையின் மூக்கும் எங்கும் எட்டும். திறந்த பற்களில் தூசி படியும் என்பது உண்மைதான், ஆனால் துடைத்தால் தீரும். ஹைஸ்லரின் பற்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் தூசி அண்டாது. பழுது வந்தாலோ அடியிலிருந்துதான் பிரிக்க வேண்டும்.

பற்சக்கரம் வெட்டிப் பழகாதவர், விரைவில் ஓட்டிப் பார்க்க விரும்புபவர் ஹைஸ்லரைத் தொடங்கலாம். இயக்கத்தைக் கண்ணால் கண்டு மகிழ விரும்பி, கூடுதல் மாதங்களைத் தரக்கூடியவர் ஷேயைச் செய்யட்டும். என் தேர்வும் அதுவே.