ஸ்மார்ட் வீட்டில் ரீசார்ஜபிள் பேட்டரி: சில ஆண்டு அனுபவம்

கதவு சென்சார், நடமாட்ட சென்சார், ரிமோட் என்று வீட்டில் கருவிகள் பெருகியதும், தீர்ந்தால் தூக்கி எறியும் ஆல்கலைன் பேட்டரிகளை விட்டு, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைக்கு மாறினேன். சென்சார்களைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. ஆல்கலைன் கசிந்து முனைகள் அரித்துப்போகும் தொல்லையும் ஒழிந்தது.

பழைய ரீசார்ஜபிள் பேட்டரிகள் சும்மா கிடந்தாலே சில மாதங்களில் வடிந்துவிடும். 2005இல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த எனலூப் என்ற நிக்கல் வகை பேட்டரி அந்தக் குறையைத் தீர்த்தது. இப்போது அது பானசோனிக் வசம் இருக்கிறது. சென்சார் எடுப்பது மிகச் சொற்ப மின்சாரம் என்பதால், பேட்டரியின் கொள்ளளவில் 2,500 மில்லி ஆம்பியர் மணி என்ற பெரிய எண்ணைத் தேட வேண்டாம். மெதுவாக வடியும் 2,000 வகையே மேல்.

பலரையும் குழப்புவது போன் செயலி காட்டும் பேட்டரி சதவீதம். ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். நிக்கல் வகையோ 1.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநாள் நின்று, கடைசியில் சட்டென்று விழும். பெரும்பாலான கருவிகள் ஆல்கலைனை வைத்தே கணக்கிடுவதால், முழுதாகச் சார்ஜ் செய்து போட்டதையும் பாதிதான் இருக்கிறது என்று காட்டும். அந்தப் பாதி மாதக்கணக்கில் அசையாது. அசையத் தொடங்கினால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள். வோல்ட் அளவையே காட்டும் செயலி என்றால் இன்னும் நல்லது. ஒரு பேட்டரிக்கு 1.1க்குக் கீழே போனால் நான் கழற்றிவிடுகிறேன்.

டிஜிட்டல் பூட்டில் மட்டும் ஆல்கலைன்தான் போடுகிறேன். நான்கு பேட்டரி சேர்ந்து 6 வோல்ட் தர வேண்டிய இடத்தில் நிக்கல் வகை 4.8தான் தரும், எச்சரிக்கை விளக்கு வீணாக எரியும். 1.5 வோல்ட் லித்தியம் அயான் வகை அதைவிட ஆபத்து. உள்ளிருக்கும் மின்சுற்று கடைசிவரை 1.5 வோல்ட்டையே கொடுத்துவிட்டு நின்றுபோகும். முன்னறிவிப்பே இல்லாமல் வாசலில் நிற்க வேண்டியதுதான். புகை எச்சரிக்கைக் கருவியிலும் கையேடு சொல்லும் பேட்டரியைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள். 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரிக்குப் பதிலாக எல்ஐஆர்2032 என்ற ரீசார்ஜபிள் வகையை விற்கிறார்கள். முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட் தொடும், சென்சார் கருகிவிடலாம்.

சார்ஜரில் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கண்காணித்து நிறுத்தும் சார்ஜராக வாங்குங்கள். ஒரே கருவியில் ஓடும் பேட்டரிகளை ஜோடியாக எண் எழுதி வைத்து, பிரிக்காமல் ஒன்றாகவே பயன்படுத்துகிறேன்.