இராமநாதபுரத்தில் ஒத்திக்கு வீடு பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டவுனில் ஒத்திக்கு வீடு தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாலரை லட்சம் கொடுத்துக் குடி போனோம். ஒரு வருடம்கூட முழுதாக இருக்க முடியவில்லை. பணமும் இன்னும் கைக்கு வரவில்லை.

எங்களுக்குத் தேவிபட்டினம் பக்கம் கிராமம். என் கணவர் கத்தாரில் டிரைவராக இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு போகிறாளே, தினமும் பஸ்ஸில் போய் வந்து களைத்துப் போகிறாளே என்று போன சித்திரையில் டவுனில் வீடு பார்க்க ஆரம்பித்தேன். பாரதி நகர், ஓம்சக்தி நகர் பக்கமெல்லாம் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொன்னார்கள். 2022-ல் மருத்துவக் கல்லூரி திறந்ததிலிருந்து வாடகை ஏறிவிட்டது என்று போன இடமெல்லாம் அதே பேச்சு. மாதாமாதம் அவ்வளவு வாடகை கொடுத்தால் டியூஷனுக்கு எங்கே போவது? ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறோம், வாடகை கிடையாது, காலி பண்ணும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பும். எங்கள் அம்மா காலத்திலிருந்து பழகிய முறைதான். சீட்டு எடுத்த பணம், என் சங்கிலியை அடகு வைத்த பணம், அவர் அனுப்பியது எல்லாம் சேர்த்து 4,50,000 தேற்றினேன்.

மின்கம்பத்தில் 'வீடு ஒத்திக்கு' என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் அந்த ஆளுக்கு போன் பண்ணினேன். பட்டணம்காத்தான் பக்கம் மாடி வீடு. நம் ஊரில் வீடு பார்க்கப் போனால் அறையைப் பார்ப்பதற்கு முன் குழாயைத்தானே திறப்போம். நானும் திறந்தேன். உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீர். உப்புக் கரிக்கவே இல்லை. "இந்த ஏரியாவுல எங்க போர் மட்டும்தாம்மா இப்படி" என்றான். அந்தத் தண்ணீரில்தான் விழுந்துவிட்டேன். குடி போன நாலாம் நாள் பருப்பு வேகவில்லை. குடத்து விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது. கீழ் வீட்டு அக்கா அப்புறம் சொன்னார், நான் பார்க்க வந்த அன்று காலையில்தான் லாரித் தண்ணீர் வாங்கி மேல் டேங்க்கை நிரப்பியிருக்கிறான். தண்ணீரிலேயே பொய் சொன்னவன் மற்றதில் எப்படி இருப்பான் என்று அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வீடு யாருடையது என்று கேட்கத்தான் செய்தேன். சித்தப்பா வீடு, அவர் சவுதியில் இருக்கிறார், எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றான். பத்திரத்தைக் கேட்டதற்கு பேங்க் லாக்கரில் இருக்கிறது என்றான். ரிஜிஸ்டர் பண்ணலாமே என்றேன். "எதுக்கும்மா, இருபதாயிரம் வீணாப் போயிரும், நோட்டரி போட்டா போதும்" என்று ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தச் சிவப்பு சீலைப் பார்த்ததும் எனக்கு தைரியம் வந்துவிட்டது. ஒரு லட்சத்தை பேங்க்கில் போட்டேன். மீதி மூன்றரை லட்சத்தையும் அவன் கேட்டபடி ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

தை மாதம் ஒரு நாள் காலையில் கதவு தட்டினார்கள். வயதான ஒருவர், கீழக்கரைக்காரர், மகனோடு நின்றார்.

"யாரும்மா நீங்க?"

"ஒத்திக்கு இருக்கோம் அத்தா."

"என் வீட்டை எனக்குத் தெரியாம யாரும்மா ஒத்திக்கு விட்டது?"

அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். சென்னையில் இருக்கிறார். அந்த ஆள் அவரிடம் மாதம் எட்டாயிரத்துக்கு வாடகைக்குப் பிடித்திருக்கிறான். மூன்று மாதம் வாடகை கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டான். அவனுக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் கரண்ட் பில் கட்டின ரசீதெல்லாம் டப்பாவில் வைத்திருந்தேன். நாலு ரசீதிலும் அந்தப் பெரியவர் பேர்தான். சித்தப்பா பேர்தானே என்று இருந்துவிட்டேன். அந்தப் பேரை வைத்து அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

பெரியவர் நல்லவர். உடனே இறங்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அதுவரை வாடகை மட்டும் குடுங்க" என்றார். அவரும் ஏமாந்தவர்தானே. அந்த ஆளின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை ஒத்திக்குப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஒத்தி என்பது வாடகை இல்லை, சட்டப்படி அது அடமானம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், இரண்டு சாட்சி கையெழுத்தும் வேண்டும். நோட்டரி சீல் அதற்கு ஈடாகாது. இருபதாயிரம் மிச்சம் என்று நான் நினைத்தது நாலரை லட்சத்துக்கு உலை வைத்துவிட்டது.

வில்லங்கச் சான்று பார்த்தீர்களா என்றும் கேட்டார். நான் பார்க்கவில்லை. சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாமாம். வீடு யார் பேரில் இருக்கிறது, பேங்க்கில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது அதில் வரும். பேங்க் கடன் இருக்கிற வீட்டை ஒத்திக்குப் பிடித்தால் இன்னொரு தொல்லை. கடன் நின்றுபோனால் ஒரு நாள் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள், நம் பணத்துக்கு அங்கே பேச்சே இருக்காது. பவர் என்று யாராவது சொன்னால் பதிவு செய்த பவர் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். உண்மையான சொந்தக்காரர் துபாயில் இருந்தாலும் வீடியோ காலில் முகத்தைப் பார்த்து, "இந்த வீட்டை இன்னாருக்கு ஒத்திக்கு விட நீங்கள் சம்மதமா" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நான் கூச்சப்பட்டேன்.

எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தேன். அங்கே போனபோதுதான் இதே ஆளிடம் ஏமாந்த இன்னும் இரண்டு குடும்பங்களைப் பார்த்தேன். ஒரு அக்கா மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோசடி என்று வழக்குப் பதிந்திருக்கிறார்கள். பணம் கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். பேங்க்கில் போட்ட ஒரு லட்சத்துக்குக் காகிதம் இருக்கிறது. ரொக்கத்துக்கு அந்த நோட்டரிப் பேப்பரைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு ரூபாயாக இருந்தாலும் சொந்தக்காரர் கணக்கிலேயே போடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது சக்கரக்கோட்டையில் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் அவ்வளவுதான் இருக்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதினால்தான் மாறும். உப்புத் தண்ணீர்தான், ஆனால் ஓனரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டு வரி ரசீதையும் அவரே எடுத்துக் காட்டினார்.

போன வாரம் கேணிக்கரைப் பக்கம் ஒரு மின்கம்பத்தில் மறுபடியும் 'வீடு ஒத்திக்கு' தாளைப் பார்த்தேன். அதே கையெழுத்து. 'ஒத்திக்கு' என்பதில் 'த்' புள்ளி இல்லாமல் அதே மாதிரி விட்டிருந்தது. போன் நம்பர் மட்டும் வேறு. கிழிக்காமல் போட்டோ எடுத்து, நம்பரையும் எழுதிக்கொண்டு, நேராகக் குற்றப்பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.