சென்னை–மதுரை விமானச் சேவை: பதிவு செய்தது ஏர்பஸ், பறந்தது ஏடிஆர்

சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தனியார் நிறுவனம் ஒன்றின் காலை விமானத்துக்கு, ஏர்பஸ் ஏ320 என்ற ஜெட் விமானம் என்று பார்த்தே பயணச்சீட்டு எடுத்திருந்தோம். எங்களை ஏற்றிச் சென்றதோ, சுழலிகளால் பறக்கும் சிறிய விமானமான ஏடிஆர் 72. புறப்படும் நேரம் சற்று மாறியதைக் குறுஞ்செய்தியில் தெரிவித்த நிறுவனம், விமானமே மாறியதை ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை.

முழங்கால் வலியுள்ள என் தாயார் முதலில் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக, கூடுதல் கட்டணம் செலுத்தி இரண்டாம் வரிசையில் இடம் பிடித்திருந்தேன். ஏடிஆரில் பயணிகளுக்கான கதவு வாலருகே இருக்கிறது. முன்பக்கத்தில் இருப்பது சரக்கு அறை. பழைய இருக்கை எண்ணை அப்படியே புதிய விமானத்துக்கு மாற்றிவிட்டதால், முன்வரிசைக்குப் பணம் கட்டியவர்கள் குறுகிய நடைவழி முழுவதையும் கடந்து கடைசியாக இறங்க நேர்ந்தது. மேலடுக்குப் பெட்டிகளும் சிறியவை என்பதால், ஏர்பஸ்ஸில் தடையின்றி வைக்கக்கூடிய சக்கரப் பெட்டிகளைப் பலரிடம் படிக்கட்டருகிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

குறுந்தொலைவில் ஏடிஆர் எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும். ஏ320இன் 180 இருக்கைகளை நிரப்ப முடியாத நாளில் 78 இருக்கையுள்ள ஏடிஆரை அனுப்புவதில் தவறு காண முடியாது. ஆனால் ஏ320 ஓட்டும் விமானி, அதற்கெனத் தனிப்பயிற்சியும் தகுதியும் பெறாமல் ஏடிஆரை ஓட்ட முடியாது. வேறு விமானத்தோடு வேறு பணியாளர்களையும் அமர்த்திய நிறுவனத்துக்கு இந்த மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். தெரிந்தும் பயணியிடம் சொல்லாமல் விட்டதுதான் என் குறை. இருக்கைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தேர்ந்தெடுத்த எண்ணே வழங்கப்பட்டது என்று பதில் வந்தது. உயர் வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு மாற்றப்படும் உள்நாட்டுப் பயணிக்குக் கட்டணத்தில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023இல் விதித்தது. ஒரே வகுப்பு மட்டும் உள்ள இத்தகைய விமானங்களில் அவ்விதி நமக்கு உதவுவதில்லை.

பயணத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்துக்கு இரண்டிரண்டு இருக்கைகள்தான் என்பதால் நடுவில் அகப்பட்டுத் தவிப்பவர் எவருமில்லை. இறக்கைகள் சன்னலுக்கு மேலே அமைந்திருப்பதால், கொள்ளிடமும் காவிரியும் அடுத்தடுத்துக் கடந்து செல்வதைத் தாயார் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். முன்வரிசைகளில் சுழலிகளின் இரைச்சல் சற்று மிகுதி. பறக்கும் நேரமும் ஏர்பஸ்ஸைவிட ஏறக்குறைய கால் மணி கூடுதல்.

பணியாளர்களின் கனிவுக்காகவும் நேரந்தவறாமைக்காகவும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். இத்தடத்தில் முதியவர்களை அழைத்துச் செல்வோர், இணையத்தில் செக்-இன் செய்யும்போது விமான வகையை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் என்றிருந்தால் பின்வரிசையைக் கேளுங்கள், முன்வரிசைக்குப் பணம் கட்டாதீர்கள்.