ரப்பர் சப்பாத்தா, மலையேறும் பூட்ஸா?

அம்மா ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டிய காலத்தில் மாட்டிக்கொண்டு போன அதே கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான் இப்போது நான் மலைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். 'அடிடாஸ் கம்போங்' என்று ஊரே செல்லப் பெயர் வைத்திருக்கிறதே, அதுதான். "மரம் வெட்டற சப்பாத்தைப் போட்டுக்கிட்டு, காசு வேற குடுத்துக் காட்டுக்குப் போறியாடா?" என்று அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம். இதற்கு முன் நான்கு வருடம் கோலாலம்பூரில் 480 ரிங்கிட்டுக்கு வாங்கிய பூட்ஸ் போட்டு நடந்தவன் நான்.

விலையைப் பேசவே வேண்டாம். அந்தக் காசில் தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் ரப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாம். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இரண்டும் ஒன்றுதான். சேற்றில் ரப்பர் கெட்டி. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறி, 2,110 மீட்டர் ஈராவ் மலைக்குப் போனபோது பூட்ஸின் அடிப்பள்ளங்களில் சேறு அப்பி வழுக்கியது. கூட வந்தவரின் சப்பாத்துக் குமிழ்கள் பிடித்துக்கொண்டே போயின.

ஆனால் நான் கட்சி மாறியது காயவைக்கிற பாட்டினால்தான். தண்ணீர் புகாத பூட்ஸ் என்றுதான் விற்பார்கள். தாமான் நெகாரா தேசியப் பூங்காக் காட்டில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மேல்வழியாக இறங்கும். உள்ளே விடாத அந்தத் துணி வெளியேயும் விடாது. வீட்டுக்கு வந்து பழைய பேப்பரைத் திணித்து, மின்விசிறி முன்னால் வைத்து, மூன்று நாள் ஆகியும் ஈரம். மழை மாதமென்றால் பூஞ்சணம். அவசரப்பட்டு அடுப்போரம் வைத்தால் பசை இளகும். பல பூட்ஸ்களில் அடிப்பாகத்துக்கு நடுவே இருப்பது பாலியூரித்தேன் நுரை. நம் ஊர் ஈரக்காற்றே அதை மெல்ல அரித்துவிடும், அலமாரியில் சும்மா கிடந்தாலும். என்னுடையது இறக்கத்தில் வாயைப் பிளந்தது. ராஃபியா கயிற்றால் கட்டிக்கொண்டு கார் வரைக்கும் வந்தேன்.

ரப்பர் சப்பாத்து ஒரே வார்ப்பு. பிரிய ஒட்டும் இல்லை, தையலும் இல்லை. தண்ணீரைக் கொட்டு, பைப்பில் கழுவு, வேலியில் கவிழ்த்து வை. ராத்திரிக்குள் காய்ந்துவிடும். காலுறை மட்டும்தான் வேலை.

குறை இருக்கிறது. அடி மெல்லிசு, கூர்க்கல் குத்தும். இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுக்கும். கணுக்காலுக்குப் பிடிப்பே கிடையாது. ஏற்கெனவே சுளுக்கிய கால் என்றால் பூட்ஸே வாங்குங்கள். நான் போனதெல்லாம் ஒரு நாள் நடை, மிஞ்சினால் அதே பூங்காவில் கோலா தாஹான் பக்கம், விலங்கு பார்க்க ஒளிந்திருக்கும் பும்புன் குடிலில் ஒரு ராத்திரி. (பார்க்கக் காத்திருந்த தப்பீர் என்ற காட்டு விலங்கு வரவில்லை. காலையில் சேற்றில் முன்கால் நான்கு விரல், பின்கால் மூன்று விரலாகத் தடம் மட்டும் கிடந்தது.) 2,187 மீட்டர் தாஹான் மலைக்குப் பல நாள் சுமையோடு இதைப் போட்டுப் போனால் என் முட்டி தாங்குமா, தெரியாது. ஓராங் அஸ்லி பழங்குடிச் சுமைதூக்கிகள் போகிறார்கள்தான், அவர்கள் கால் வேறு.

வாங்குவதானால் ஒரு சைஸ் பெரிதாக, நீளமான பந்தாட்டக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டத்தில் வேலை என்று கடைக்காரர் கேட்பார்.