2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: சண்டை நடுவுல ஒளியுற ரூல் எப்படி?
கிருஷ்ணகிரில நண்பன் வீட்டு மொட்டமாடில ஞாயித்துக்கிழமை ஆனா எங்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமா பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) தான், அதோட 2014 ரூல் புக்குல ரோக் (பதுங்கி அடிக்கிற கதாபாத்திரம்) ஒளியுறான்னா ஒவ்வொரு எதிரியோட பாசிவ் பெர்செப்ஷனையும் (தேடாமலே கவனிக்கிற திறனுக்கான எண்) பாக்கணும், அதுலயே நேரம் போயிரும். 2024 புக்குல கும்மிருட்டு மாதிரி ஆளே தெரியாத எடமோ முக்கால்வாசியாச்சும் மறைக்கிற கவரோ (தூண், சுவர் மாதிரி மறைப்பு) இருக்கணும், எதிரி கண்ணுல படக்கூடாது, ஸ்டெல்த்துக்கு (பதுங்குற திறன்) பகடை உருட்டி மொத்தம் 15ஓ மேலயோ வந்தா ஒளிஞ்சாச்சு. இதுக்காகவே வாங்கலாம்ங்க. போன வாரம் தூணுக்கு பின்னாடி தன் ஆளுக்கு அடையாளமா வச்ச புளியங்கொட்டைய நகத்தி வச்சுட்டு தம்பி 17 போட்டான், அட்வான்டேஜோட (ரெண்டு பகடை உருட்டி பெரிய எண்ண எடுக்கலாம்) ஒரே அம்பு, ஓர்க்குங்குற அரக்கன் காலி! அடிச்சதும் மறைவு போயிரும், அதான் நியாயம். எதிரி தூண சுத்தி வந்தா என்னன்னு மட்டும் இன்னும் தெளிவா எழுதிருக்கலாம், நாங்க பாத்துட்டான்னே வச்சு ஆடுறோம்.