லிப்ரே 2: சென்சார் நல்லதுதான், கவனிக்க வேண்டியது போனை

இன்சுலின் போடும் பெற்றோர் ஒரு ஊரில், பிள்ளைகள் வேறு ஊரில். இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி அடிபடும் பெயர், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2. கையில் ஒட்டும் சென்சார், நோயாளியின் போனில் ஒரு செயலி, குடும்பத்தார் பார்க்க லிப்ரேலிங்க்அப், மருத்துவர் பார்க்க லிப்ரேவியூ என்று நான்கு கண்ணிகள். இவற்றில் முதலில் அறுவது பெரும்பாலும் போன்தான்.

சென்சாரை மேல்கையின் பின்புறம், சதைப்பற்றுள்ள இடத்தில், படுக்கும்போது அழுந்தாத பக்கமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே அழுத்த வேண்டும். 14 நாள் உழைக்க வேண்டிய பசை பாதியில் பிடி விடுவதற்கு எண்ணெயும் வியர்வையுமே பெரும்பாலும் காரணம். எண்ணெய்க் குளியல் உண்டென்றால் அதை முடித்து, சோப்பால் நன்றாகக் கழுவிய மறுநாள் ஒட்டுங்கள். குளிக்கலாம், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தண்ணீர் தாங்கும்.

ஒட்டி 60 நிமிடம் கழித்து எண் வரும். முதல் நாள் எண்களை நம்பி இன்சுலின் அளவை மாற்றக் கூடாது. அதற்குப் பிறகும் சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடித் திரவத்தை. சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். இது முக்கியமாவது தாழ்சர்க்கரையில். 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்தபின் விரல் நுனியில் அளந்தால் சரியாகியிருக்கும், சென்சார் இன்னும் 62 என்றே காட்டும். அதைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சர்க்கரை கொடுத்து 300-க்கு ஏற்றிவிடுகிறார்கள். 15 நிமிடம் பொறுத்து, மறுசோதனையைக் குளுக்கோமீட்டரில் செய்யுங்கள்.

நடு இரவில் எண் திடீரெனச் சரிந்து, புரண்டு படுத்ததும் தானே மீண்டால் அது சென்சார் மேல் படுத்ததன் விளைவாக இருக்கலாம். ஆனாலும் இன்சுலின் போடுபவரென்றால் விரலில் குத்திப் பார்த்துத்தான் விட வேண்டும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எண்ணைப் பொய்யாக உயர்த்தி, உண்மையான தாழ்வை மறைக்கும். சத்து மாத்திரைகளின் அட்டையையும் படியுங்கள்.

இனி போன். வாங்கும் முன்பே உங்கள் மாடல் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரைச் செயலியில் தொடங்கினால் பிறகு ரீடரில், அதாவது போனுக்குப் பதிலாக எண்ணைக் காட்டும் தனிக் கருவியில், அதைப் படிக்க முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ரீடரில் தொடங்கி, அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனிலும் ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போது எச்சரிக்கை ஒலி ரீடரில்தான் வரும். பலர் கோட்டை விடுவது இதில்.

ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியைப் பின்னணியில் தூங்க வைத்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். புளூடூத், அறிவிப்பு, இருப்பிட அனுமதிகளைத் திறந்துவையுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பை மீறி ஒலிக்கும் அனுமதியும் தேவை. போனின் தானியங்கி மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள். செயலியை அழித்து மறுபடி நிறுவினால் ஓடிக்கொண்டிருக்கும் சென்சாரே வீணாகலாம். சென்சாரின் நினைவு 8 மணி நேரம்தான். போனை வீட்டில் வைத்துவிட்டு நாள் முழுக்க வெளியே போனால் இடைப்பட்ட பதிவு போய்விடும்.

லிப்ரேலிங்க்அப்பில் 20 பேர் வரை சேரலாம். இருவர் போதும், அதில் ஒருவர் பத்து நிமிடத்தில் கதவைத் தட்டக்கூடியவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு எச்சரிக்கை போவதால் மட்டும் யாரும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். உயர்வு எச்சரிக்கையை 180-இல் வைத்தால் ஒவ்வொரு இட்லிக்கும் அலறும், மூன்றாம் நாளே அணைத்துவிடுவார்கள். தொடக்கத்தில் 250 போதும். தாழ்வு எச்சரிக்கையை 70-க்குக் கீழே இறக்காதீர்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு 80 நல்லது. ‘தரவு வரவில்லை’ என்ற அறிவிப்பையும் அணைக்க வேண்டாம்.

லிப்ரேவியூ அறிக்கை மருத்துவருக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் 14 நாளில் குறைந்தது 70 சதவீத நேரத்துக்குத் தரவு இருந்தால்தான் அதை நம்பலாம். முதலில் 70-க்குக் கீழே போன நேரத்தைப் பாருங்கள், சராசரியைப் பிறகு. பொதுவான இலக்கு, சர்க்கரை 70 முதல் 180-க்குள் இருக்கும் நேரம் 70 சதவீதத்துக்கு மேல், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள். தளர்ந்த முதியவர்களுக்கு 70 முதல் 180-க்குள் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும். ஆனால் தாழ்வு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிளினிக்கைக் கணக்கில் இணைத்துவிட்டதால் இரவில் யாரோ திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். எந்த நாளில் யார் பார்ப்பார், அவசரமென்றால் எந்த எண் என்று முதலிலேயே கேட்டு எழுதிவையுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள், அதிலும் தாழ்சர்க்கரை வந்தாலும் அறிகுறி தெரியாதவர்கள், செலவைப் பார்க்காமல் தொடர்ந்து வைக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்கு மாதாமாதம் வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு சென்சார் போட்டு, சாப்பாட்டு நேரத்தைச் செயலியில் குறித்துக்கொண்டு போனாலே போதும்.