கிரைண்டர் சரியாகி வந்துவிட்டது, என் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது

பத்தொன்பது நாட்கள் பழுதுபார்க்கும் கடையில் கிடந்துவிட்டு, போன சனிக்கிழமை எங்கள் கிரைண்டர் வீடு திரும்பியது. புது பெல்ட், புது புஷ், அடிக்கல்லையும் குழவிகளையும் கொத்திய கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடி ஏறிக்கொண்டிருக்கும்போது அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று வாங்கிவிடலாமா? இல்லை, மிக்சியே போதுமா?" மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல வந்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது.

2 லிட்டர், 150 வாட், மூன்று குழவி. 2013-இல் வாங்கியது. இதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் அட்டைப்பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். மின்சாரத்துக்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம். முக்கால் மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஓடியிருக்கிறது. மோட்டார் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. இந்த முறையும் பழுதானது பெல்ட்டும் புஷ்ஷும்தான். கல்லையும் கொத்திவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்பதைப் படித்தபோது, பட்டுச்சேலைக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் கொடுப்பதை மாவரைக்கும் இயந்திரத்துக்குமா என்று சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் அதோடு சேர்ந்து வந்த அம்மாவின் மேல்தான்.

கிரைண்டர் வாங்கிய அன்று, அதோடு கொடுத்த சிறு புத்தகத்தைப் பிரிக்காமல் கோவில்பட்டிக்குத்தான் போன் செய்தேன். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று அம்மா கணக்கு சொன்னார். உடனே, "புது உளுந்தா, பழைய உளுந்தா?" என்று கேட்டார். கடையில் வாங்கிய பாக்கெட்டுக்குப் பிறந்த தேதி எனக்கு எப்படித் தெரியும்? "பழசு என்றால் ஒரு கை கூடப் போடு." சரி. ஊறவைப்பது? அரிசி நான்கு மணி நேரம், உளுந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். இதுவரைக்கும் எல்லாம் எண்களில் வந்தது, நானும் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் எண்கள் நின்றுவிட்டன.

"உளுந்துக்குத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாதே. கையில் அள்ளித் தெளித்துத் தெளித்து விடு."

எவ்வளவு?

"பார்த்தால் தெரியும்."

எத்தனை நிமிடம் ஓட வேண்டும்?

"சத்தம் மாறும். பதம் வந்ததும் வழித்துவிடு. அதுவரை பக்கத்திலேயே இரு."

இந்தப் 'பக்கத்திலேயே இரு'தான் பன்னிரண்டு ஆண்டுகளாக என் தொண்டையில் நிற்கும் முள். கிரைண்டர் என்பதே நாம் அந்தப் பக்கம் போய் வேறு வேலை பார்ப்பதற்காக வந்த பொருள். ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை மாவைத் தள்ளிவிடும். எழுந்து போக வழியே இல்லை. அங்கே குழவி சுற்றியது, இங்கே கல்லே சுற்றுகிறது. கைக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் என் சிறுவயதில் எங்கள் வீட்டில் வாங்கிய முதல் கிரைண்டருக்குப் பக்கத்தில் அம்மா ஒரு மணைப்பலகையைப் போட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரோடு, ஆட்டுக்கல்லுக்கு முன்னால் எப்படி உட்கார்வாரோ அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷம் என்று நினைத்தேன். அதே தோஷம் இப்போது எனக்கு. மணைக்குப் பதில் பிளாஸ்டிக் முக்காலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுந்து போய்ப் பார்க்காமல் இல்லை. தண்ணீரை அளந்து முதலிலேயே ஊற்றிவிட்டு, மூடியைப் போட்டுவிட்டு, கடைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்தபோது உளுந்து கூழாகக் கிடந்தது. நைசாகத்தான் அரைந்திருந்தது, ஆனால் பொங்கவே இல்லை. மறுநாள் இட்லி தட்டிலேயே பரந்து படுத்துவிட்டது. இன்னொரு முறை தண்ணீரைக் குறைத்துவிட்டுப் போனேன். மாவு கெட்டியாகி, உருண்டு, குழவிகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. காரணம் விளங்காமல் இல்லை. உளுந்து மாவு காற்றை வாங்கித் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கூடினால் பிடிக்காது, குறைந்தால் புரளாது. அந்த நடுவாந்திரம் இன்றைக்கு ஒரு கை, அடுத்த வாரம் ஒன்றரைக் கை. உளுந்தைப் பொறுத்து மாறுகிறதை எந்த டம்ளரால் அளப்பது?

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நிமிடம்வரை ஒன்றும் தெரியாது. கடகடவென்று தொடங்கிய சத்தம் சளசளவென்று ஆகியிருக்கும், அவ்வளவுதான். இருபது நிமிடத்தைத் தாண்டியதும், நான்காவதோ ஐந்தாவதோ முறை தெளித்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, மாவு டிரம்மின் ஓரத்தில் ஏறத் தொடங்கும். மேலே ஒரு பளபளப்பு வரும். குழவிக்குப் பின்னால் சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்து உடையும். கல்லோடு கல் உரசும் ஓசை முழுக்க அடங்கி, ஈரத் துணியைத் துவைப்பது போன்ற ஒரு தணிந்த சத்தம் மட்டும் கேட்கும். அப்போது விரல் நுனியால் தொட்டு எடுத்தால் கூம்பாக நிற்கும், விழாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துளி போட்டால் பஞ்சு போல மிதக்கும். ஒரு டம்ளர் உளுந்து பாத்திரம் நிறைய ஆகிவிட்டதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன், ஒவ்வொரு வாரமும் எனக்கு அது அதிசயமாகத்தான் இருக்கிறது. இதை மிக்சியில் பார்க்க முடியாது. எழுந்து போனாலும் பார்க்க முடியாது, அதுவும் உண்மைதான்.

அம்மா சொன்னவற்றில் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். "கையால் கலக்கு, கைச்சூட்டில்தான் மாவு பொங்கும்" என்பார். ஒரு ஜனவரியில் ஒரே மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கலந்து வைத்தேன். காலையில் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் உளுந்தோடேயே வருகிறவை. லூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்று வாயில் நுழையாத பெயர் ஒன்றுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. அம்மாவிடம் இந்தச் சோதனையைச் சொன்னேன். "கரண்டியை யார் பிடித்தது? நீதானே" என்றார்.

உப்பு விஷயத்தில் அவர் கட்சி ஜெயித்தது. மே மாதத்தில் பொங்கிய பிறகுதான் உப்பு, மார்கழியில் கரைக்கும்போதே உப்பு என்பார். சென்னையில் சித்திரை வெயிலில் இரவு பத்து மணிக்கு உப்புப் போட்டுக் கரைத்து வைத்த மாவு காலை ஐந்து மணிக்கெல்லாம் வழிந்து மேடையைத் தாண்டித் தரைக்கு வந்துவிட்டது. உப்பைக் கடைசியில் போட்ட வாரங்களில் அப்படி நடக்கவில்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே என்றும்தான் சொல்லியிருந்தார். அதை நான் கேட்கவில்லை என்பதால் உப்பின் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

கழுவுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் நண்பர் என்னை மன்னிக்கமாட்டார். மாவை வழித்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டால் முக்கால் பங்கு சுத்தமாகிவிடும். அந்தத் தண்ணீரும் மாவுக்கே போக வேண்டும், கொட்டினால் அம்மாவுக்குப் போனிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. எல்லாம் முடிந்து, குழவிகளைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்து, மேடையையும் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், குழவியின் அடித்துளையிலிருந்து ஒரு கரண்டி மாவு மெதுவாக இறங்கி வந்து மேடையில் உட்காரும். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு வாரம்கூட அது தவறியதில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாட்டில் பிரஷ் விட்டுக் குடைந்து பார்த்துவிட்டேன், தெரியவில்லை.

இப்போது அந்தப் பத்தொன்பது நாட்களுக்கு வருகிறேன். மிக்சிதான். அது வேகத்தில் சூடாகும், சூடு பட்டால் உளுந்து பொங்காது என்று தெரியும். அதனால் குளிர்ந்த தண்ணீரில் உளுந்தை ஊறவைத்து, ஐஸ்கட்டிகளைப் போட்டு, மூன்று ஈடாகப் பிரித்து, நடுநடுவே நிறுத்தி அரைத்தேன். மாவு வழக்கத்தைவிட இரண்டு விரல்கடை குறைவாகத்தான் பொங்கியது. பயந்துகொண்டே இட்லி ஊற்றினேன். மனைவி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். மகள் ஐந்து சாப்பிட்டாள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மிக்சி மாவு" என்று நானே சொன்னேன். "ஓ" என்றார்கள். மூன்றாவது நாள் இட்லி கொஞ்சம் இறுகிப்போய், மாவைத் தோசைக்கு மாற்ற வேண்டியிருந்தது உண்மைதான். கிரைண்டர் மாவு ஐந்து நாள் தாங்கும். ஆனால் முதல் நாள் இட்லியில் வித்தியாசம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். எனக்குத்தான் முன்பே தெரியுமே.

பன்னிரண்டாவது நாள் ஒரு கல்யாணத்துக்காக அம்மா வந்தார். ஒன்றும் சொல்லாமல் மிக்சி மாவு இட்லியை வைத்தேன். நான்கு இட்லி சாப்பிட்டார். "மெத்தென்று இருக்கிறது" என்றார். கிரைண்டர் கடையில் இருப்பதைச் சொன்னேன். "அப்படியா" என்று கையைக் கழுவப் போனவர், அங்கிருந்தே சொன்னார்: "நான் மூன்று வருடமாகக் கடை மாவுதான் வாங்குகிறேன். முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை. தெருமுனையிலேயே பாக்கெட் போட்டுக் கொடுக்கிறான்."

மூன்று வருடம்! 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வாங்கிய கிரைண்டர் வீட்டில் இருக்கிறதே என்றேன். பரணில் இருக்கிறதாம். அந்த மூன்று வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் போனில் "தெளித்தாயா? பக்கத்தில் இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கேட்கவும் முடியவில்லை, அந்த முழங்காலைப் பார்த்த பிறகு என்ன கேட்பது? கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஆனால் தண்ணீர் அரைக் கை கூடிவிட்டது உனக்கு" என்றார்.

ஆகவே நண்பரே, கேட்டதற்குப் பதில்: வாங்காதீர்கள். நீங்கள் இரண்டு பேர், மிக்சியும் ஐஸ்கட்டியும் போதும். வாரத்தில் ஒரு நாளை ஒரு கல்லுக்கு எழுதிவைக்க வேண்டாம். இடமும் அடைக்கும், முதுகும் வலிக்கும். என்னுடையது நாளைக்கே புகைந்து நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால், அன்று மாலையே இதே 2 லிட்டரை வாங்கி வந்துவிடுவேன். அதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.

கல் கொத்தி வந்திருப்பதால் முதல் இரண்டு ஈடு குருணையைப் போட்டு ஓட்டிக் கொட்டச் சொல்லியிருந்தார் அம்மா. அதை நேற்றே முடித்துவிட்டேன். இன்று உளுந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் ஐந்து முறை எழுந்து தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன், காகிதத்தின் ஓரமெல்லாம் ஈரம். சத்தம் இப்போதுதான் மாறுகிறது. வழித்துவிட்டு அரிசியைப் போட வேண்டும்.